லண்டன் கடிகாரத்தைக் கழற்றிய வருடம்

போன மாதம் உங்கள் ஏற்றுமதிப் பிரிவுக்கு வந்திருந்தேன் அல்லவா, அப்போது உங்களில் ஒரு பெண் கேட்டாள். "மேடம், உலகம் முழுக்க ஒரே நேரம்னு வெச்சுட்டா என்ன? எங்களுக்கு ஒன்பது மணின்னா அவங்களுக்கும் ஒன்பது மணி. இந்தக் கூட்டல் கழித்தலே வேண்டாம் இல்லையா?" எல்லோரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸுக்கு நேரமாகவில்லை. அந்தக் கேள்வியை எனக்கு முதலில் போட்டவன் ஒருவன் இருந்தான். அவன் மேல் எனக்கு இருந்த பொறாமையைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதுவதில் அந்தக் கஷ்டம் இல்லை.

அறுபதுகளின் நடுவில் பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், கம்பெனியே இப்போது இல்லை. என் அப்பா அம்மா இருவரும் கிழக்குத் தாம்பரத்தில் ஆசிரியர்கள். வீட்டில் எனக்கு மூன்று விஷயம் இருந்தது: பைபிள், டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழ், இங்கிலீஷ். மூன்றாவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் அதிகம். முதலில் தந்தி எழுதிக்கொடுக்கும் வேலை. பிறகு டெலக்ஸ் வந்தது. இங்கே நாம் அடிப்பது அதே நிமிடம் லண்டனில் ஒரு காகிதத்தில் விழும், அவர்கள் அடிப்பது இங்கே விழும். வெளிநாட்டுக்கு லைன் வேண்டுமென்றால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டெலக்ஸ் அறைச் சுவரில் நான்கு கடிகாரங்கள் இருந்தன. மெட்ராஸ், லண்டன், ஹாம்பர்க், நியூயார்க். அவற்றுக்குச் சாவி கொடுப்பது என் பொறுப்பு. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன்காரர்கள் கோடைக்காகத் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்வார்கள். மறுநாள் நான் ஸ்டூல் மேல் ஏறி நம் சுவரில் உள்ள லண்டனையும் முன்னால் தள்ளுவேன். இடையில் சில வருடம் அவர்கள் இந்த வழக்கத்தை விட்டுவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். ஆபீஸில் இது எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். ஸ்டூல் மேல் நின்று லண்டனை நகர்த்தும்போது எனக்கு ஒரு பெருமை வரும் பாருங்கள், அதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்படி ஆறேழு வருடம் ராணியாக இருந்த இடத்துக்கு ஒரு டிசம்பர் மாதம் தணிகாசலம் வந்து சேர்ந்தான். நேரில் நான் அவனை 'மிஸ்டர் தணிகாசலம்' என்றுதான் அழைத்தேன். மனத்துக்குள் 'அவன்' தான். இங்கே மனத்துக்குள் இருந்தபடியே எழுதுகிறேன்.

சேலையூரில் அவர்களுக்கு நிலம் இருந்தது. அவன் வீட்டில் ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள் அவன்தான். தினமும் சைக்கிளில் வருவான். இங்கிலீஷில் ஒரு வரி எழுதினால் இரண்டு தப்பு இருக்கும். ஆனால் விரல்! நான் ஒரு வரி அடிப்பதற்குள் அவன் மூன்று வரி அடித்துவிடுவான். மெஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்க மாட்டான், தானே திறந்து சரி செய்வான். அதோடு விட்டானா? அப்பா நிலத்துக் கத்தரிக்காயைப் பையில் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பான். எனக்கும் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன், வீட்டில் குழம்பும் வைத்தோம். ருசியாக இருந்தது. அதற்கும் வயிறு எரிந்தது.

முதலாளி பெரிய மனிதர். காலை ஷிப்பிங் பேப்பர் பார்த்துவிட்டு, மாலையில் குரோம்பேட்டையில் இருந்த எங்கள் தோல் பதனிடும் டேனரிக்குப் போய்த் தோலைத் தொட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. என்னிடம் மரியாதையாக இருப்பார். தணிகாசலத்திடம் சிரித்துப் பேசுவார். ஆறு வருடத்தில் என்னோடு அவர் ஒரு தடவை சிரித்திருப்பாரா என்று நான் உட்கார்ந்து யோசித்த நாட்கள் உண்டு. அடுத்து வரும் ஏப்ரலில் டெலக்ஸ் பிரிவுக்குத் தலைமை ஆபரேட்டர் ஒருவரை நியமிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அது எனக்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், முதலாளியைத் தவிர.

ஜனவரியில் அவன் அந்த யோசனையைச் சொன்னான். நானும் முதலாளியும் இருந்தோம்.

"இன்னாத்துக்கு முதலாளி நாலு கடிகாரம்? ஹாம்பர்க்காரன் ஒரு டைம் சொல்றான், நியூயார்க்காரன் ஒரு டைம் சொல்றான், நாம கூட்டிக் கழிச்சுக்கினே கீறோம். கிரீன்விச் டைம் ஒண்ணு வெச்சா போதும். ஒலகத்துக்கே ஒரே டைம். வெல சொல்ற ஆபருக்கெல்லாம் கெடு அதுலயே போடலாம்."

"அப்போ நம்ம ஆபீஸ் காலையில நாலு மணிக்குத் திறக்குமா?" என்றேன். கிரீன்விச் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். நாங்கள் திறப்பது ஒன்பதரைக்கு.

"தொறக்கட்டுமே மிஸ். நாலுன்னு பேர் வெச்சா நாலு. சூரியன் வந்து கேக்கப்போவுதா?"

"தாம்பரத்துல சூரியன் உதிக்கிறது அர்த்தராத்திரி தாண்டி அரை மணிக்கு. நான் ஆறு மணி வண்டியைப் பிடிக்கிறது மத்தியானம் பன்னிரண்டரைக்கு. நல்லா இருக்கா கேக்கறதுக்கு?"

"பழகிடும் மிஸ்."

முதலாளி சிரித்தார். அவனோடு சேர்ந்துதான். "கணக்கப்பிள்ளை ராகு காலத்தை என்ன பண்ணுவாரு?" என்றார். பிறகு, "சரி, பண்ணுங்க. எனக்குத் தொழுகைக்கு நிழல் இருக்கு, அதைப் பாத்துக்கறேன். வியாபாரத்துக்கு ஒரே நேரம் நல்லதுதான்" என்றார்.

மறுநாள் லண்டன், ஹாம்பர்க், நியூயார்க் மூன்றும் கீழே இறங்கின. மெட்ராஸ் கடிகாரம் முன்னறைக்குப் போனது. டெலக்ஸ் அறையில் கிரீன்விச் ஒன்று மட்டும் இருந்தது. கழற்றும்போது அவன் என் ஸ்டூலைத்தான் எடுத்தான்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும்: யோசனை வேலை செய்தது. இரண்டு மாதத்தில் ஒரு குழப்பம் இல்லை. முன்பு மாதத்துக்கு ஒரு ஆபராவது யார் நேரம் என்ற சண்டையில் கெட்டுப்போகும். இப்போது அதெல்லாம் நின்றுவிட்டது. முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்ம தணிகாசலம் உலகத்துக்கே ஒரே நேரம் ஆக்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நான் காகிதத்தில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

மார்ச் வந்தது. லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு; நாங்கள் வீட்டில் கறி சாப்பிடுவதில்லை, சினிமா போவதில்லை. பொறாமையை மட்டும் நான் விடவில்லை. அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு டப்பாவைத் திறந்து தயிர் சாதத்தில் கையை வைத்தேன். மெஷின் ஓடியது. லண்டனில் எங்கள் பழைய வாடிக்கையாளரின் ஆபரேட்டர் தினமும் வேலைக்கு வந்து உட்கார்ந்ததும் ஒரு 'குட்மார்னிங்' போடுவார். அது நமக்கு இரண்டரை மணிக்கு வரும். இன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது.

கையைக் கழுவிக்கொண்டு வந்து காகிதத்தைக் கிழித்தேன். லண்டன் கடிகாரம் நகர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் இரண்டும் ஒன்று, கிரீன்விச் மட்டும் கோடைக்கு மாறாது. இனிமேல் லண்டன் நேரமும் கிரீன்விச் நேரமும் ஒன்றல்ல. அவர்கள் பன்னிரண்டு என்றால் நம் சுவரில் பதினொன்று. தணிகாசலம் வந்த பிறகு இது நடப்பது இதுவே முதல் தடவை. அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அந்த நேரத்தில் அவன் வழக்கம்போல் தபாலாபீஸுக்குப் போயிருந்தான்.

பதிவேட்டில் வந்த நேரம் எட்டு மணி என்று எழுதினேன். சுவர்க் கடிகாரப்படி அது சரி. பார்க்க வேண்டியவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவன் திரும்பி வந்தான், நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. லண்டன் கடிகாரம் சுவரில் இருந்திருந்தால் ஸ்டூல் மேல் ஏறி நகர்த்தியிருப்பேன். கழற்றியவன் அவன். இல்லாத கடிகாரத்தை நகர்த்துவது என் வேலையா? இப்படி இரண்டு நாள் எனக்கு நானே வாதாடி ஜெயித்துக்கொண்டே இருந்தேன்.

புதன்கிழமை மாலை அந்த லண்டன்காரரிடமிருந்து ஒரு செய்தி. பெரிய ஆர்டர், டேனரிக்கு மூன்று மாத வேலை. நாளை லண்டன் நேரம் நண்பகல் பன்னிரண்டுக்குள் உறுதி செய்தால் உங்களுக்கு, இல்லையென்றால் கான்பூர்காரருக்கு. முதலாளிக்கு ஒரு சந்தேகம். அந்தத் தரத்தில் அவ்வளவு தோல் கையில் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார்.

"பன்னெண்டுன்னா நம்ம ஊருக்கு எத்தனை மணி?" என்று கேட்டார்.

"அஞ்சரை முதலாளி. நாளைக்கு நிதானமா பாத்துட்டு அஞ்சு மணிக்கு வாங்க, அனுப்பிடலாம்" என்றான் தணிகாசலம்.

நாலரை. நான் பக்கத்தில் நிற்கிறேன். அஞ்சரை இல்லை, நாலரை. நாக்கு நுனிக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் சரி என்று சொல்வார்களே, அந்த மூக்கறுந்த ஆள் நான்தான். ஆர்டர் போனால் என் கம்பெனிக்கும்தான் போகிறது. டேனரியில் தோல் காயவைக்கும் ஜனங்களுக்கு மூன்று மாதம் வேலை போகிறது. அதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்றைக்கு வண்டியில் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை நான் நினைத்துக்கொண்டு போனது, நாளை அஞ்சரைக்கு அவன் முகம் எப்படி இருக்கும் என்பதைத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி டேனரிக்குப் போனார். அங்கே போன் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. மூன்று மணி, மூன்றேகால், மூன்றரை. நான் முன்னறை மெட்ராஸ் கடிகாரத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"மிஸ், ஒரு உதவி. கன்பர்மேஷன் நீங்களே எழுதி வெச்சுடுங்க. உங்க இங்கிலீஷ்தான் சுத்தம். நான் எழுதினா லண்டன்காரன் நம்ம கம்பெனியப் பாத்து சிரிப்பான்."

எழுதினேன். நான்கு வரி, நல்ல இங்கிலீஷ். அவன் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "இத பாரு, இதான் எழுத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆறு வருடமாக நான் யாரிடமிருந்து இந்தச் சொல்லை எதிர்பார்த்தேனோ அவர் சொல்லவில்லை, இவன் சொல்கிறான்.

மூன்று ஐம்பது. "மிஸ்டர் தணிகாசலம், பதினொண்ணுதான்" என்றேன்.

"இன்னா பதினொண்ணு?"

"லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி போயிடுச்சு. கோடைக்கு மாத்துவாங்க. அவங்க பன்னிரண்டு நம்ம சுவர்ல பதினொண்ணு. நமக்கு நாலரை. இன்னும் நாப்பது நிமிஷம்தான் இருக்கு."

திருந்தி நல்ல மனத்தோடு சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மனம் பாதி. மீதிப் பாதி, காப்பாற்றியது இந்த எஸ்தர்தான் என்று ஆகட்டும் என்ற கணக்கு.

எப்போது தெரியும் என்று அவன் கேட்கவில்லை. வேறு யாராயிருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். "லைன் புக் பண்ணுங்க மிஸ், அர்ஜென்ட் போடுங்க. லைன் வந்தா விட்டுடாதீங்க, பேசிக்கினே இருங்க" என்று சொல்லிக்கொண்டே டேனரிக்குப் போகச் சைக்கிளை எடுத்தான்.

புக் செய்தேன். அரை மணி ஆகும் என்றார்கள். கெஞ்சினேன். அழுதுவிடுவேன் போல் பேசினேன், அது நடிப்பில்லை. நான்கு பதினெட்டுக்கு லைன் வந்தது. லண்டன் ஆபரேட்டர், ஆர்டருக்குப் பதிலா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று அடித்தேன். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி அடித்தேன். உங்கள் ஊரில் மழையா என்று கேட்டேன். மழைதான் என்றார். நான்கு இருபத்துமூன்று. என் நான்கு வரி மெஷின் பக்கத்தில் இருக்கிறது. அடித்துவிட முடியும். முதலாளி 'தோல் இல்லை' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அடிக்காமல் லைன் போய்விட்டால் என்ன செய்வது? இளையவர்களே, மூன்று நாள் வைத்திருந்த ஒரு விஷயத்துக்கு ஏழு நிமிடத்தில் பதில் தேடுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான்கு இருபத்தாறுக்கு வெளியே முதலாளியின் கார் நின்றது. தணிகாசலம்தான் முதலில் ஓடி வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "ஓகே மிஸ், அடிங்க!" அடித்தேன். லண்டனிலிருந்து 'கிடைத்தது, நன்றி' என்று வந்தபோது நான்கு இருபத்தெட்டு.

அவன் டேனரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலாளி தொழுகையில் இருந்தாராம். ஒரு சத்தம் போடாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் முடிக்கும்வரை நின்றானாம். எத்தனை நிமிடம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

டீ வந்தது. முதலாளி உட்கார்ந்து, "அல்லா காப்பாத்தினான்" என்றார். "நல்ல நேரத்துல கண்டுபிடிச்சடா தணிகாசலம்."

"நான் இல்ல முதலாளி. மிஸ்தான் சொன்னாங்க. அவங்க இல்லாட்டி ஆர்டர் போயே போயிருக்கும். தப்பு என்னுது. லண்டன் டைமும் கிரீன்விச்சும் எப்பவும் ஒண்ணுன்னு நெனச்சிக்கினேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஆறு வருடமாக நான் எதிர்பார்த்த சிரிப்பு. "அப்படியாம்மா எஸ்தர்! எப்படிம்மா தெரிஞ்சுது உனக்கு?"

கிடைத்த பெருமையோடு நான் நின்றிருக்கலாம். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றியது. இதெல்லாம் எனக்கு எப்போதோ தெரியும், அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது என்று காட்ட வேண்டும்.

"எனக்குத் திங்கட்கிழமையே தெரியும் முதலாளி. லண்டன் ஆபரேட்டர் ஒரு மணி நேரம் முன்னாடியே குட்மார்னிங் போட்டாரு. அப்பவே கண்டுபிடிச்சிட்டேன்."

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு வியாழக்கிழமைம்மா" என்றார்.

அதட்டவில்லை. எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். தணிகாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிச் சட்டையைக் காயவைப்பதுபோல் நின்றுகொண்டான். எனக்கு அந்த நிமிடமும் அவன் மேல்தான் கோபம் வந்தது. என் பெயரைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று.

உலகத்துக்கு ஒரே நேரம் வேண்டுமா என்று கேட்ட பெண்ணுக்கு இப்போது சொல்கிறேன். வைத்துக்கொள்ளலாம் அம்மா. தணிகாசலத்தின் யோசனை நல்ல யோசனைதான், அந்தக் கிரீன்விச் கடிகாரம் கம்பெனி மூடும்வரை அங்கேயேதான் இருந்தது. ஆனால் லண்டன்காரர் எழுந்து, பல் தேய்த்து, மழையில் நனைந்து ஆபீஸுக்கு வருவது அவர் ஊர் வெளிச்சத்தைப் பார்த்துத்தான். அவர் எப்போது வருகிறார் என்பதை எந்தக் கடிகாரமும் சொல்லாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் கவனித்துச் சொன்னால்தான் உண்டு. அவர் சொல்வாரா என்பதுதான் கேள்வி.

ஏப்ரலில் தணிகாசலத்தைத் தலைமை ஆபரேட்டர் ஆக்கினார்கள். நான் வாழ்த்துச் சொன்னேன், கை கொடுத்தேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். வயிற்று வலி என்று அம்மாவிடம் சொன்னேன்.

பதவிக்கு வந்த முதல் வாரம் அவன் ஒரு புதுப் பதிவேடு கொண்டுவந்தான். சிவப்புப் பென்சிலால் தானே கோடு போட்டிருந்தான். லைன் கோளாறு, வெளிநாட்டு விடுமுறை, கடிகார மாற்றம் என்று வேலையைத் தொடுகிற எதுவாக இருந்தாலும் அதில் எழுத வேண்டுமாம். நான்கு கட்டம்: செய்தி, முதலில் தெரிந்தவர், தெரிந்த நேரம், சொன்ன நேரம். முதல் வரியை அவனே நிரப்பியிருந்தான், தன் கோணல் கையெழுத்தில். செய்தி: லண்டன் நேரம் மாறியது. முதலில் தெரிந்தவர்: மிஸ் எஸ்தர். சொன்ன நேரம்: வியாழன், மூன்று ஐம்பது. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"அது உங்களுக்குத்தான் தெரியும் மிஸ். நீங்களே எழுதிடுங்க" என்று பேனாவைத் திறந்து கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

பதிவேட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். என்ன யோசித்தேன் என்று நினைக்கிறீர்கள்? இவ்வளவு நல்ல யோசனை எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றுதான். பிறகு எழுதினேன்: திங்கள், ஒன்று முப்பது.